59 மணி நேர வாரம்: கல்லூரிக்குள் வந்த பட்டாளம்

வகுப்பும் ஆய்வகமும் 24 மணி நேரம். கண்காணிப்பில் உட்கார்ந்து படிப்பது 24 மணி நேரம். உடற்பயிற்சி 6. ராணுவப் பயிற்சி 5. கூட்டினால் 59. 1943-இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் படிக்க அனுப்பப்பட்ட ராணுவச் சிப்பாயின் ஒரு வாரம் இதுதான். தரைப்படை நடத்திய இதன் பெயர் ராணுவச் சிறப்புப் பயிற்சித் திட்டம். எல்லோரும் சுருக்கமாக ஏ.எஸ்.டி.பி. என்றார்கள். 227 கல்லூரிகள், பல்கலைக்கழகங்களில் நடந்தது. மொத்தத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். 1943 டிசம்பரில் உச்சத்தைத் தொட்டபோது சுமார் 1,45,000 பேர் ஒரே நேரத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த இரண்டே மாதத்தில் திட்டத்தின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது.

அதே ஆண்டு தொடங்கிய, கல்லூரிகளில் அதிகாரிகளை உருவாக்கும் கடற்படையின் வி-12 திட்டமோ 1946 ஜூன் வரை ஓடியது. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே நாட்டில், ஒரே மாதிரிக் கல்லூரிகளில் நடந்தவை. ஒன்று ஏன் நிலைத்தது, மற்றது ஏன் விழுந்தது? பாடத்திட்டத்திலோ ஆசிரியர்களிடமோ காரணம் இல்லை. படித்து முடித்தவன் எங்கே போவான் என்பதைக் கடற்படை முதலில் முடிவுசெய்தது. தரைப்படை கடைசிவரை முடிவுசெய்யவில்லை. அந்த ஒரு வேறுபாடு அன்றாட ஏற்பாடுகளில் எப்படியெல்லாம் இறங்கியது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் கல்லூரிகளின் நிலைமை. 1942 நவம்பரில் கட்டாய ராணுவ சேவைக்கான வயது 20-லிருந்து 18-ஆகக் குறைக்கப்பட்டது. பள்ளி முடித்த பையன் நேரே முகாமுக்குப் போவான். கல்லூரியில் சேர ஆண் பிள்ளைகளே மிஞ்ச மாட்டார்கள். விடுதிகள் காலி, கட்டண வரவு இல்லை, ஆசிரியர்களுக்கு வேலை இல்லை. ராணுவத்துக்கு வேறு கவலை: போர் இன்னும் பல ஆண்டுகள் நீண்டால் மருத்துவர்களும் பொறியாளர்களும் எங்கிருந்து வருவார்கள்? 1942 டிசம்பரில் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து திட்டங்களை அறிவித்தன. கல்லூரிகளைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்ற பேச்சு அப்போதே இருந்தது. அது பாதி உண்மைதான். ஆனால் ராணுவத்தின் தேவையும் பொய்யல்ல.

ஆள் எடுத்த முறையைப் பார்ப்போம். ஏ.எஸ்.டி.பி.க்குள் நுழைய ராணுவப் பொது வகைப்பாட்டுத் தேர்வில் 115 வேண்டும். அதிகாரிப் பயிற்சிப் பள்ளிக்குக்கூட 110 போதும்! 40 நிமிடத்தில் 150 கேள்விகள். சொல்லுக்குப் பொருள், கணக்கு, கட்டை எண்ணுதல் என்று மூன்று வகை. கட்டை எண்ணுதல் என்பது, அடுக்கி வைத்த சதுரக் கட்டைகளின் படத்தைக் காட்டி மொத்தம் எத்தனை என்று கேட்பது. முன்னால் தெரிவதை மட்டும் எண்ணினால் தப்பு. மேலே இருக்கும் கட்டையைத் தாங்க அடியில், படத்தில் தெரியாத கட்டைகள் இருந்தாக வேண்டும். அதையும் சேர்க்க வேண்டும். வேகமும் வேண்டும், பதற்றமும் கூடாது. சராசரி 100, திட்ட விலக்கம் 20 என்று அமைத்த அளவுகோலில் 115 என்றால் கணக்குப்படி மேல் கால்பங்கு ஆட்கள் மட்டும்தான்.

மதிப்பெண் மட்டும் போதாது. பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். 22 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அடிப்படைக் கட்டம். அதற்கு மேற்பட்டவர்கள் கல்லூரியில் ஓராண்டாவது படித்திருந்தால் மேல்நிலைக் கட்டம். இருவருக்கும் முதலில் 13 வாரம் அடிப்படை ராணுவப் பயிற்சி. துப்பாக்கி சுடுதல், நெடுநடை, பதுங்குகுழி தோண்டுதல் எல்லாம் முடித்த பிறகுதான் புத்தகம். இந்த 13 வாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு விதத்தில் திரும்ப வரும்.

முகாமிலிருந்து நேரே கல்லூரிக்கு அனுப்பவில்லை. நடுவில் ஸ்டார் என்று அழைக்கப்பட்ட தேர்வு மையம் இருந்தது. அதுவும் ஒரு கல்லூரி வளாகத்தில்தான் இயங்கும். அங்கே மறுபடி தேர்வு, நேர்காணல், பழைய பாடங்களைப் புதுப்பிக்கும் வகுப்பு, பிறகு எந்தத் துறை, எந்தக் கல்லூரி என்ற ஒதுக்கீடு. பொறியியல், அந்நிய நாடும் மொழியும், உளவியல், மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவை முக்கியப் பிரிவுகள். இந்த நடுக்கட்டத்தை வீண் செலவு என்று சொன்னவர்கள் உண்டு. என் பார்வையில் திட்டத்திலேயே உருப்படியான ஏற்பாடு இதுதான். பள்ளி முடித்து இரண்டாண்டு தொழிற்சாலையில் வேலை பார்த்தவனுக்கு அறிவு மழுங்கியிருக்காது, அல்ஜீப்ரா மறந்திருக்கும். அவனை நேரடியாக முதல் பருவத்தில் உட்கார வைத்தால் பின்னம் சுருக்குவதிலேயே தடுமாறுவான். அதற்குள் வகுப்பு முக்கோணவியலுக்குப் போயிருக்கும். 12 வாரப் பருவத்தில் விட்டதைப் பிடிக்க இடமே இல்லை.

பருவம் 12 வாரம், இடையில் ஒரு வார இடைவெளி. அடிப்படைக் கட்டம் மூன்று பருவம். கணிதம், இயற்பியல், வேதியியலோடு ஆங்கிலம், வரலாறு, புவியியல், பொறியியல் வரைபடம். கணிதத்தில் அல்ஜீப்ராவில் தொடங்கி, முக்கோணவியல், பகுமுறை வடிவியல் வழியாக மூன்றாம் பருவத்தில் நுண்கணிதம் வரை ஓட வேண்டும். பாடத்திட்டத்தை ராணுவமே வகுத்துக் கல்லூரிகளுக்கு அனுப்பியது. எல்லா இடத்திலும் ஒரே பாடம், ஒரே அளவு. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு ஆளை மாற்றினால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பது நோக்கம்.

நடைமுறையில் எங்கே இடித்தது? முதலாவது இயற்பியல் ஆசிரியர் பஞ்சம். ரேடார் ஆய்வுக்கும் ஆயுத ஆய்வுக்கும் இயற்பியலாளர்களை அரசே அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஆகவே வேறு துறை ஆசிரியர்கள் இயற்பியலும் கணிதமும் நடத்த வேண்டியதாயிற்று. மாணவனுக்கு ஒரு பாடம் முன்னால் தாங்கள் படித்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். இரண்டாவது ஆய்வகம். நூற்றுக்கணக்கானோர் ஒரே பாடத்தை ஒரே வாரத்தில் செய்ய வேண்டும் என்றால் மேசைகள் போதாது. மாலையிலும் ஆய்வகம் நடத்த வேண்டும். மாலையில் ஆய்வகம் வைத்தால் கண்காணிப்புப் படிப்பு நேரம் அடிபடும். 59 மணி நேரத்தில் ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று சரியும். மூன்றாவது தூக்கம். விடியுமுன் எழுப்பும் பியூகிள், அணிவகுத்துச் சாப்பாட்டுக்கு, அணிவகுத்து வகுப்புக்கு, இரவு குறித்த நேரத்தில் விளக்கணைப்பு. விளக்கணைத்த பிறகு கழிப்பறை வெளிச்சத்தில் படித்தார்கள் என்று பல வளாகங்களிலிருந்தும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். கழிப்பறையில் மட்டும் விளக்கு அணைப்பதில்லை.

சம்பளம் மாதம் 50 டாலர். சாதாரணச் சிப்பாயின் சம்பளமே. முன்பு கார்ப்பரலாகவோ சார்ஜென்டாகவோ இருந்தவர்கள் உள்ளே வர வேண்டுமென்றால் பதவிப் பட்டையைக் கழற்றிவிட்டு வர வேண்டும். கல்லூரிகளுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிகளில் ராணுவம் இவர்களை அனுமதிக்கவில்லை. 59 மணி நேரத்தில் அதற்கு இடமில்லை என்பது காரணம். தோள் சின்னத்தில் அறிவு விளக்கும் அதன் குறுக்கே வாளும் இருக்கும். மற்றச் சிப்பாய்கள் அதற்கு எரியும் மூத்திரச் சட்டி என்று பெயர் வைத்தார்கள். ஏ.எஸ்.டி.பி. என்ற நான்கு எழுத்துக்கும் ‘சமாதானம் வரும்வரை எல்லோரும் பத்திரம்’ என்று ஆங்கிலத்தில் விரிவு சொன்னார்கள். அந்தக் கேலி படித்தவர்களை உண்மையாகவே உறுத்தியது. தாமாகக் கேட்டு வந்தவர்கள் மட்டுமல்ல. மதிப்பெண்ணைப் பார்த்து அனுப்பப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

இப்போது வி-12. 1943 ஜூலை 1 அன்று 131 கல்லூரிகளில் ஒரே நாளில் தொடங்கியது. சுமார் 70,000 பேர் வந்து சேர்ந்தார்கள். 1946-இல் மூடும்போது மொத்தம் 1,25,000 பேருக்கு மேல் உள்ளே வந்திருந்தார்கள். ஏறக்குறைய 60,000 பேர் அதிகாரிகளானார்கள். பருவம் 16 வாரம், ஆண்டுக்கு மூன்று: ஜூலை, நவம்பர், மார்ச். பருவத்துக்குக் குறைந்தது 17 கிரெடிட் பாடம், வாரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் உடற்பயிற்சி. புதிதாக வந்தவர்களுக்கு முதல் இரண்டு பருவம் நிர்ணயித்த பாடங்கள். கணிதம், இயற்பியல், ஆங்கிலம், வரைபடத்தோடு நடக்கும் போரின் வரலாற்றுப் பின்னணியும் கடற்படை அமைப்பும். அதன் பிறகு பிரிவுக்கேற்பப் பாதை பிரியும். கப்பல் தளப் பணிக்கு நான்கு பருவம், பொறியியல் தனித்துறைகளுக்கு எட்டு.

முக்கியமானது அதற்கப்புறம். நான்கு பருவம் முடித்தவன் கொலம்பியா, நார்த்வெஸ்டர்ன், நோட்டர் டேம் போன்ற இடங்களில் இருந்த மிட்ஷிப்மென் பள்ளிக்கு, அதாவது கடற்படை அதிகாரிப் பயிற்சிப் பள்ளிக்குப் போவான். முடித்தால் என்சைன் என்ற தொடக்கநிலை அதிகாரிப் பதவி. மரைன் பிரிவைத் தேர்ந்தவனுக்குத் தென் கரோலினாவின் பாரிஸ் தீவில் அடிப்படைப் பயிற்சி, பிறகு குவான்டிகோவில் அதிகாரிப் பயிற்சி. தோற்றவன் மாலுமியாகப் படைக்குள் போவான். வாசல் மூன்றும் முதல் நாளே தெரியும். கட்டப்படும் கப்பல்களின் எண்ணிக்கை கடற்படைக்கு முன்கூட்டியே தெரியும். ஒரு நாசகாரிக் கப்பலுக்கு எத்தனை அதிகாரி என்பதும் தெரியும். ஆகவே இரண்டாண்டு கழித்து எத்தனை என்சைன் தேவை என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு இத்தனை பேரை இன்று சேர் என்று சொல்ல முடிந்தது. தரைப்படைக்கு அப்படி ஒரு கணக்கு இருக்கவில்லை. அதன் அதிகாரிப் பள்ளிகள் 1943-இலேயே தேவைக்கு மேல் ஆட்களை உருவாக்கிவிட்டன. அப்படியானால் ஏ.எஸ்.டி.பி. முடித்தவனுக்கு என்ன பதவி? எந்த வாக்குறுதியும் இல்லை. திட்டத்தை நடத்திய கர்னல் ஹெர்மன் பியூகெமா வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாதமியில் பேராசிரியராக இருந்தவர். படித்தவர்களை எடுத்துக்கொள்ள முன்வர வேண்டிய படைப்பிரிவுகளோ அவருடைய அதிகாரத்தில் இல்லை.

வி-12 மாணவர்கள் கல்லூரி அணிகளில் விளையாடலாம். அதனால் ஒரு விசித்திரம் நடந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் நட்சத்திர அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் எல்ராய் ஹர்ஷை மரைன் பயிற்சிக்காக மிஷிகன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள்; அவர் 1943-இல் மிஷிகன் அணிக்காக ஆடினார். இப்படி ஆட்கள் வந்து சேர்ந்த பர்டூ பல்கலைக்கழக அணி அந்த ஆண்டு ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. இது சின்ன விஷயம்போலத் தெரியலாம். ஆனால் சாதாரண மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரவும் ஒரே அணியில் ஆடவும் விட்டதால், வி-12 மாணவனுக்கு அந்தக் கல்லூரி தன் கல்லூரி ஆயிற்று. போர் முடிந்ததும் அதே இடத்துக்குப் பட்டம் முடிக்கத் திரும்பியவர்கள் ஏராளம்.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். வி-12-இல் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கத் தடை இல்லை. எண்ணிக்கை குறைவுதான், ஆனாலும் வெள்ளையரோடு ஒரே வளாகத்தில் படித்தார்கள். சாமுவேல் கிரேவ்லி லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் வி-12 படித்து 1944-இல் என்சைன் ஆனார். 1971-இல் அமெரிக்கக் கடற்படையின் முதல் கறுப்பின அட்மிரல். ஜப்பானிய வம்சாவளியினருக்கோ கடற்படை கதவைத் திறக்கவே இல்லை. தரைப்படை தன் கறுப்பினச் சிப்பாய்களைப் பெரும்பாலும் ஹவார்டு போன்ற கறுப்பினக் கல்லூரிகளுக்கே அனுப்பியது.

விமானப் படையும் தன் பங்குக்குக் கல்லூரிகளில் பயிற்சிப் பிரிவுகளை வைத்தது. விமானிப் பயிற்சிக்குப் பதிவுசெய்து காத்திருந்தவர்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களை உட்கார வைக்க இடம் வேண்டும். ஐந்து மாதப் பாடமும் சிறு விமானத்தில் 10 மணி நேரப் பறப்பும். அதோடு விஷயம் முடிந்தது.

ஏ.எஸ்.டி.பி.யில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மொழிப் பிரிவு. அங்கே செய்த வேலை இன்றும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தக்கூடியது. அதுவரை அமெரிக்கக் கல்லூரிகளில் மொழி என்றால் இலக்கணமும் மொழிபெயர்ப்பும். நான்காண்டு பிரெஞ்சு படித்தவனால் ரயில் நிலையத்துக்கு வழி கேட்க முடியாது. லியனார்ட் புளூம்ஃபீல்டு போன்ற மொழியியலாளர்கள், எழுத்து வடிவமே இல்லாத அமெரிக்கப் பூர்வகுடி மொழிகளைப் பேசுகிறவர் வாயிலிருந்து கேட்டுப் பதிவுசெய்யும் முறையை உருவாக்கியிருந்தார்கள். அந்தக் கள ஆய்வு முறையையே கற்பிக்கும் முறையாக மாற்றினார்கள். மூன்று பருவம், 36 வாரம். 50-க்கும் மேற்பட்ட கல்லூரிகள்.

வகுப்பில் இருவர் உண்டு. ஒருவர் மொழியியலாளர், ஒலிகளையும் வாக்கிய அமைப்பையும் விளக்குவார். அவருக்கு அந்த மொழி சரளமாகப் பேச வர வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. இன்னொருவர் அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர். பள்ளி ஆசிரியராக இருக்கத் தேவையில்லை, சமையல்காரராகவோ கடைக்காரராகவோ இருக்கலாம். விளக்கம் குறைவு, பயிற்சி அதிகம். வாரத்தில் மொழிக்கு 15 மணி நேரம் என்றால் பெரும்பகுதி பயிற்சிக் குழுவில் கழியும். குழுவில் 10 பேருக்கு மேல் கூடாது. பேசுகிறவர் ஒரு வாக்கியத்தைத் தன் இயல்பான வேகத்தில் சொல்வார், எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள், பிறகு ஒவ்வொருவராக. அடுத்த நாள் அதே வாக்கியத்தில் ஒரு சொல் மட்டும் மாறும்.

இதில் என்னென்ன கெடும் என்பதைத் தமிழை வைத்தே புரிந்துகொள்ளலாம். தமிழ் கற்க வருகிற ஒருவருக்குப் ‘புலி, புளி’ இரண்டையும் சொல்லிக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் பேசுகிறவர் என்ன செய்வார்? கற்பவர் தடுமாறுவதைப் பார்த்ததும் இரக்கப்பட்டு மெதுவாக, அழுத்தி, பிரித்துச் சொல்வார். யாருமே அப்படிப் பேசுவதில்லை; கற்றவர் தெருவுக்குப் போனதும் ஒன்றும் புரியாது. ஆகவே முதல் விதி: வேகத்தைக் குறைக்காதே, திரும்பச் சொல். அடுத்த ஆபத்து, ‘ஏன் இப்படி வருகிறது?’ என்று மாணவன் கேட்பது. ஒரு மொழியைப் பேசத் தெரிந்தவருக்கு அதன் காரணம் தெரியும் என்று நினைப்பது தப்பு. கௌரவத்துக்காக ஏதாவது ஒரு விதியைச் சொல்லி வைப்பார். பெரும்பாலும் அது தவறாக இருக்கும், அதோடு அவர் ‘ஆசிரியர்’ ஆகிவிடுவார். பிறகு பேச்சுமொழி போய் மேடைமொழி வந்துவிடும். ‘வந்துட்டான்’ என்பதை விட்டுவிட்டு ‘வந்துவிட்டான்’ என்று கற்பிக்கத் தொடங்குவார். எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் விலகி நிற்கும் எல்லா மொழியிலும் இந்த ஆபத்து உண்டு. மூன்றாவது, வகுப்பில் ஆங்கிலம் நுழைவது. நான்காவது, குழு பெருகுவது: 10 பேர் 20 ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒருவன் வாய் திறக்கும் நேரம் பாதியாகிவிடும். முறை நன்றாக வேலை செய்த இடங்களில் வெற்றிக்குக் காரணம் முறை மட்டுமல்ல, மணி நேரமும் சிறு குழுவும்தான். போருக்குப் பின் பல கல்லூரிகள் முறையை எடுத்துக்கொண்டு மணி நேரத்தை விட்டுவிட்டன. வாரம் மூன்று மணி நேரத்தில் அதே பலன் வருமா?

கடற்படையின் ஜப்பானிய மொழிப் பள்ளி இதைவிடக் கடுமையானது. பெர்க்லியில் இருந்த அந்தப் பள்ளி 1942 ஜூனில் கொலராடோ பல்கலைக்கழகம் இருக்கும் போல்டர் நகருக்கு மாறியது. இட மாற்றத்தின் காரணம் மனத்தை வருத்துவது. அரசின் ஆணைப்படி மேற்குக் கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். பள்ளியின் ஆசிரியர்களும் அவர்களில் அடக்கம். ஆசிரியர்களை வைத்துக்கொள்ள வேண்டுமானால் பள்ளி அந்த எல்லையைத் தாண்டிப் போக வேண்டும். போல்டரில் பிறகு சேர்ந்த ஆசிரியர்களில் பலர் தடுப்பு முகாம்களிலிருந்து வந்தவர்கள். தங்களைச் சிறை வைத்த அரசின் அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுத்தார்கள், அதுவும் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

14 மாதப் படிப்பு. வகுப்பில் ஐந்தாறு பேர். நாளுக்கு நான்கு மணி நேர வகுப்பு: இரண்டு மணி நேரம் வாசிப்பு, ஒரு மணி நேரம் உரையாடல், ஒரு மணி நேரம் சொல்வதெழுதுதல். சனிக்கிழமை தேர்வு. மீதி நேரமெல்லாம் தனிப் படிப்பு. ஏ.எஸ்.டி.பி. முறைக்கு மாறாக இங்கே ஜப்பானிய எழுத்து முதலிலேயே வந்துவிடும், ஏனென்றால் வேலை வேறு. கைப்பற்றிய நாட்குறிப்பையும் கட்டளைத் தாளையும் வாசிக்க வேண்டும், பிடிபட்ட கைதியிடம் பேசவும் வேண்டும். வேலை என்னவென்று தெரிந்ததால் பாடம் எப்படி என்பதும் தெரிந்தது.

மறுபடி தரைப்படைக்கு வருவோம். 1943 முடியும்போது ராணுவத்துக்குக் கட்டாயச் சேவை வழியாக வர வேண்டிய ஆட்கள் எதிர்பார்த்த அளவு வரவில்லை. இத்தாலியில் இழப்பு ஏறிக்கொண்டிருந்தது. பிரான்சில் இறங்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தரைப்படைப் பயிற்சித் தலைவர் லெஸ்லி மெக்நேர் ஆரம்பத்திலிருந்தே இந்தத் திட்டத்தை விரும்பவில்லை. அவருடைய வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. அதிக மதிப்பெண் எடுத்தவர்களை விமானப் படையும் தொழில்நுட்பப் பிரிவுகளும் முதலில் எடுத்துக்கொள்கின்றன, மிஞ்சியவர்களில் சிறந்தவர்களைக் கல்லூரி எடுத்துக்கொள்கிறது, காலாட்படைக்கு யார் மிச்சம்? ஒரு சிறு படைக்குழுவை நடத்தும் சார்ஜென்டுக்கு மூளை வேண்டாமா?

1944 பிப்ரவரி 10 அன்று தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷல் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் முன் வைத்த இரண்டு வழிகள் இவை: ஒன்று, ஏ.எஸ்.டி.பி.யை வெட்ட வேண்டும். இல்லையென்றால் 10 டிவிஷன் (பல ஆயிரம் பேர் கொண்ட பெரும் படைப்பிரிவு), 3 டாங்கி பட்டாலியன் (அதைவிடச் சிறிய பிரிவு), 26 விமான எதிர்ப்பு பட்டாலியன் ஆகியவற்றைக் கலைக்க வேண்டும். திட்டத்தை மனதார ஆதரித்தவர் ஸ்டிம்சன். ஆனால் இந்தக் கணக்குக்கு முன் என்ன பதில் சொல்ல முடியும்? பிப்ரவரி 18 அன்று அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 1-க்குள் ஏறத்தாழ 1,10,000 பேர் கல்லூரியை விட்டு வெளியேறினார்கள். மருத்துவம், பல் மருத்துவம், சில மேல்நிலைப் பொறியியல் வகுப்புகள், 17 வயது ரிசர்வ் மாணவர்கள் ஆகியோர் மட்டும் எஞ்சினார்கள். பொறியியல் படித்தவர்களில் ஒரு சிறு பகுதி அணுகுண்டுத் திட்டத்தின் சிறப்புப் பொறியாளர் பிரிவுக்கு, ஓக் ரிட்ஜுக்கும் லாஸ் அலமோஸுக்கும் போனது. பெரும்பான்மையினருக்குக் காலாட்படை.

35 டிவிஷன்கள், சராசரியாக ஒவ்வொன்றுக்கும் 1,500 பேர். லஃபாயெட் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த, பிற்காலத்தில் அமெரிக்க வெளியுறவுச் செயலரான ஹென்றி கிஸிஞ்சர் 84-ஆவது டிவிஷனுக்குப் போனது இப்படித்தான். அங்கேதான் 13 வாரக் கணக்கு திரும்ப வருகிறது. பல டிவிஷன்கள் ஓராண்டுக்கும் மேலாக ஒன்றாகப் பயிற்சி எடுத்திருந்தன. பயிற்சி பெற்ற சிப்பாய்களை உருவி வெளிநாட்டுக்கு மாற்று ஆட்களாக அனுப்பிவிட்டு, அந்த ஓட்டையில் கல்லூரி மாணவர்களை நிரப்பினார்கள். வந்தவனுக்கு 13 வார அடிப்படைப் பயிற்சிதான் கையிருப்பு. அதுவும் நடுவில் பல மாதம் நுண்கணிதம் படித்ததில் துருப்பிடித்திருந்தது. சார்ஜென்ட், கார்ப்பரல் பதவிகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. ஆகவே 115-க்கு மேல் எடுத்தவன் சிப்பாய், அதற்குக் கீழே எடுத்தவன் சார்ஜென்ட். மெக்நேர் கேட்டது மூளையுள்ள சார்ஜென்டுகள். கிடைத்தது மூளையுள்ள சிப்பாய்கள். ஆரம்பத்தில் உரசல் இருந்தது. போர்முனையில் சார்ஜென்டுகள் விழ விழ, அந்த இடங்களுக்கு இவர்களே உயர்ந்தார்கள். 106-ஆவது டிவிஷன் இப்படி நிரப்பப்பட்டவற்றில் ஒன்று. 1944 டிசம்பரில் ஆர்டென் காட்டு முனையில் ஜெர்மானியத் தாக்குதல் தொடங்கிய சில நாளில், டிசம்பர் 19 அன்று, அதன் இரண்டு ரெஜிமென்டுகள் சரணடைந்தன. ஓராண்டு முன்னால் இயற்பியல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பையன்கள் அதில் இருந்தார்கள்.

இதற்கு முன் ஒரு பாடம் கிடைத்திருந்தது. 1918 அக்டோபர் 1 அன்று 500-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஒரே நாளில் சுமார் 1,40,000 மாணவர்கள் மாணவர் ராணுவப் பயிற்சிப் படையில் சேர்க்கப்பட்டார்கள். தங்குமிடம் தயாராகவில்லை. காவலும் சமையலறை வேலையும் வகுப்பைத் தின்றன. இன்ஃப்ளூயன்ஸா அதே மாதம் வளாகங்களைச் சூறையாடியது. நவம்பர் 11 அன்று போர் நின்றது; டிசம்பரில் எல்லாம் கலைந்தது. 1943-இல் அந்தத் தவறுகளில் பாதியைத் திருத்தினார்கள் என்றே சொல்ல வேண்டும். தங்குமிடம், உணவு, கற்பித்தல் ஆகியவற்றைக் கல்லூரியே ஒப்பந்தப்படி ஏற்றது. படிப்பு நேரத்தைக் கட்டளையால் காத்தார்கள். திருத்தாமல் விட்டது படித்து முடித்தவனுக்கான பதவியை மட்டும்தான்.

இந்தத் திட்டங்களில் படித்த ஒருவரின் ஆவணங்களைத் தேடுகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். தரைப்படையினரின் பணிக் கோப்புகள் செயின்ட் லூயிஸ் நகரின் அரசு ஆவணக் காப்பகத்தில் இருந்தன. 1973 ஜூலை 12 அன்று அங்கே நடந்த தீ விபத்தில், 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அழிந்தன. கடற்படைக் கோப்புகள் அதில் சேரவில்லை. வி-12 ஆளைத் தேடுவது அதனால் எளிது. ஏ.எஸ்.டி.பி. ஆள் என்றால் முதலில் கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மதிப்பெண் பட்டியல் ராணுவத்திடம் எரிந்திருந்தாலும் கல்லூரியிடம் ஒரு பிரதி இருக்கும். ‘முன்னாள் மாணவர்’ என்று கேட்டால் இல்லை என்று பதில் வரலாம். ராணுவப் பயிற்சி மாணவர்களைப் பல கல்லூரிகள் தனிப் பதிவேட்டில் வைத்தன. ஆகவே திட்டத்தின் பெயரையும் 1943, 1944 என்ற ஆண்டையும் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். ஸ்டார் மையம் ஒரு கல்லூரி, படித்தது இன்னொரு கல்லூரி என்பதையும் மறக்கக் கூடாது. குடும்பத்தில் இருக்கும் புகைப்படம் முதலாவதில் எடுத்ததாக இருக்கலாம்.

ராணுவத்திலிருந்து விலகியபோது கொடுத்த விடுவிப்புச் சான்றிதழ் வீட்டில் இருந்தால், பயின்ற பள்ளிகள் என்ற கட்டத்தைப் பாருங்கள். அது காலியாக இருந்தாலும் அலகு எண்ணைக் கொண்டு தேடலாம். ஒவ்வொரு வளாகத்திலும் இருந்த ஏ.எஸ்.டி.பி. அலகுக்கு நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. தினசரி ஆளிருப்பு அறிக்கைகள் தீயில் போகவில்லை. அவற்றில் எல்லோருடைய பெயரும் தினமும் இருக்காது. வந்தவர், போனவர், மருத்துவமனையில் சேர்ந்தவர் என மாற்றம் உள்ளவர்கள் மட்டுமே இருப்பார்கள். எனவே பருவம் தொடங்கும் வாரத்தையும் 1944 மார்ச் மாதத்தையும் மட்டும் தேடினால் போதும். மார்ச் அறிக்கையில் அந்தப் பெயருக்கு நேரே எந்த டிவிஷன், எந்த முகாம் என்று எழுதியிருக்கும்.